மூன்றாவது உருண்டை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு லென்ஸ் இருந்ததாம். அந்த லென்ஸுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆள்தான் கண்ணில் தெரியுமாம். பக்கத்தில் ராஜாவே வந்து நின்றாலும், யாரோ சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுமாம்.

உம் கொட்டுங்க சார். எங்கள் வீட்டில் கதை சொன்னால் கேட்கிற ஆள் உம் கொட்டியாகணும். தாத்தா பாதியில் நிறுத்திவிட்டு, ‘உறங்கிட்டியாலே?’ என்று கேட்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உம் கேட்கவில்லை என்றால் எனக்கு வார்த்தை வராது.

உட்காருங்க. அந்த முக்காலி வேண்டாம், அது பாஸ்போர்ட் படத்துக்கு. கொஞ்சம் ஆடும். ஆடினால்தான் ஆட்கள் விறைப்பாக உட்காருகிறார்கள் என்று சேவியர் அண்ணன் அதைச் சரி பண்ணாமலே வைத்திருக்கிறார். ஸ்டுடியோ அவருடையதுதான். இப்போது தென்காசிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார். பரவாயில்லை, ஆர்டர் என்றால் நானே குறித்துக்கொள்வேன்.

ஆனால் நீங்க கேட்கிற படம் இருக்கிறதே! நயினார் அண்ணாச்சி மாவு மில்லில், கல்லாவுக்கு மேலே, ரெண்டடிக்கு மூணடி. மிளகாய் அரைக்கப் போன இடத்தில் பார்த்தேன், அதே மாதிரி ஒன்று வேணும் என்கிறீங்க. அதைப் பார்த்துவிட்டு இங்கே படியேறி வருகிற நாலாவது ஆள் நீங்க. அது நல்ல படம் இல்லை சார். நானே சொல்கிறேன், எடுத்தவன் நான்தான்.

இதுதான் அந்த லென்ஸ். பிடித்துப் பாருங்க. பயறு நிறைத்த படி மாதிரி கனக்கிறதா? முன்னால் விரல் வைக்காதீங்க. இதில் தானாக எதுவும் நடக்காது. இந்த வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பித்தான் போகஸ் பிடிக்கணும். இந்த இன்னொரு வளையம் இருக்கிறதே, அது திறப்பு. பதினாறு, எட்டு, நாலு என்று வந்து கடைசியில் ஒன்று புள்ளி ரெண்டு. அங்கே வைத்தால் கதவை ரெண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்ட மாதிரி வெளிச்சம் கொட்டும். கல்யாண மண்டபத்து மூலையில்கூட பிளாஷ் தேவையில்லை. ஒரே ஒரு விஷயம், அப்போது தெளிவாக விழுவது ஒரு விரல் கனம்தான். இமை முடி தெளிவு என்றால் மூக்கு நுனி பஞ்சு. காது வெண்ணெய். பின்னால் நிற்கிற சொந்தக்காரர்கள் ஆவி.

சேவியர் அண்ணனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ‘ஏலே, எட்டுல வச்சு எடுத்தா ஊரே தெளிவா விழும். எதுக்குலே உயிர வாங்குத?’ என்பார். ஊரே தெளிவாக விழுந்தால் அது படமா சார், வாக்காளர் பட்டியல் இல்லையா? நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சத்தமாகப் பேசுகிற ஆள் கிடையாது. மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒன்று புள்ளி ரெண்டிலேயே எடுத்தேன்.

போன ஆவணியில் சொர்ணலதா கல்யாணம். நயினார் அண்ணாச்சியின் தங்கை பகவதி அக்கா, அவர்கள் மகள். எங்கள் பக்கத்தில் தாலிக்கு முன்னால் பட்டம் கட்டுவது உண்டு இல்லையா? தாய்மாமன் மேடையேறி, பெண்ணின் நெற்றியில் பொன்தகட்டுப் பட்டத்தை வைத்துப் பின்னால் முடிச்சுப் போடணும். அவர் வந்து கட்டினால்தான் மற்றதெல்லாம்.

வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. விறுவிறுவென்று ஏறினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டம் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது அவருடைய கூடப்பிறந்த தங்கை. அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. முடிச்சைப் போட்டார், இறங்கினார், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பந்திப் பக்கம்கூடப் போகாமல் கிளம்பிவிட்டார். மொத்தம் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் பதினேழு படம் எடுத்தேன். பதினேழும் ஒன்று புள்ளி ரெண்டு.

அடடா, என்ன படம் சார்! சொர்ணாவின் இமை முடியை எண்ணிவிடலாம். பட்டத்தில் ஓர் ஓரம் லேசாக நசுங்கியிருந்தது, அந்த நசுங்கல்கூடத் துல்லியம். பின்னால் தொங்கிய சீரியல் லைட்டெல்லாம் கரைந்து, உருண்டை உருண்டையாக, பொன் நிறத்தில், லட்டுத் தட்டைச் சாய்த்துவிட்ட மாதிரி மிதந்தது. ஆல்பத்தில் அதை ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரித்துப் போட்டேன்.

பகவதி அக்கா ஆல்பத்தை வாங்க வந்தார்கள். புரட்டிக்கொண்டே வந்தவர்கள் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். நான் அழகில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

‘தம்பி, எங்க அண்ணன் எங்க?’

‘இந்தா இருக்காரேக்கா.’

‘எங்க?’

விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். ‘இடது பக்கத்துல இருந்து மூணாவது உருண்டை.’

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். ‘அது லைட்டுல்லா?’

‘இல்லக்கா. லைட்டுக்குக் காது இருக்காது. நல்லாப் பாருங்க, இதுக்குக் காது இருக்கு.’

என்ன பண்ணுவது சார், அண்ணாச்சிக்கு முன்பக்கம் முழுக்க வழுக்கை. மேடை வெளிச்சம் அதன் மேல் விழுந்து மின்னியது. குனிந்து முடிச்சுப் போட்டபோது முகமும் கீழே போய்விட்டது. லென்ஸுக்கு அதுவும் ஒரு விளக்குத்தான். மற்ற பதினாறு படத்திலும் இதே கதை, சிலதில் ரெண்டாவது உருண்டை, சிலதில் நாலாவது. வீடியோவில் பார்க்கலாம் என்று போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷமும் முழுக்க என் முதுகு. கோடு போட்ட சட்டை. அது நல்ல தெளிவு.

உம்.

நீங்க கொட்ட மறந்துவிட்டீங்க, அதனால் நானே கொட்டிக்கொண்டேன்.

தாய்மாமன் வீட்டுக்கு ஒரு சின்ன ஆல்பம் போகணும், அது முறை. போனது. மறுநாளே திரும்பி வந்தது. கூடவே ஒரு சேதி: ‘அன்னைக்குப் பொடி எழுத்து, இன்னைக்கு உருண்டை. இனிமே அந்த வீட்டு வாசல்ல என்னயத் தேட வேண்டாம்.’

பொடி எழுத்து என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. சொர்ணா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அவள் ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வந்ததும் அந்த ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்தாள். கோபத்தில் அவளுக்கு அது ஆடுவதே தெரியவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் பெரியவளானபோது சடங்குக்குப் பத்திரிகை அடித்தார்களாம். சடங்கென்றால் தாய்மாமன்தானே சார் எல்லாம்? அவர் பெயர்தானே மேலே வரணும்? அப்பா வீட்டு ஆட்கள் யாரோ பெரிய மனிதர் பெயரைப் பெரிதாகப் போட்டு, மாமா பெயரைக் கடைசியில், அச்சக முகவரிக்கு ஒரு வரி மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி சீர்த்தட்டு இருபத்தொன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர், வழியில் யாரோ பத்திரிகையைக் காட்ட, வேனைத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேச்சில்லை. ஒரே ஊர் சார். நடுவில் ரெண்டே தெரு.

‘அண்ணே, எங்க மாமா பதினோரு வருஷம் கழிச்சு எனக்காக மேடையேறுனாவ. அவுகள நீங்க உருண்டையாக்கிட்டீங்க. இன்னும் ஒன்பது நாள்ல நான் புனேக்குப் போறேன். போறதுக்குள்ள மாமா வீட்ல ஒரு வேளை விருந்து சாப்பிடணும், எங்க அம்மாவும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கெடுத்தது நீங்க. நீங்களே சரி பண்ணுங்க’ என்றாள்.

உள்ளேயிருந்து சேவியர் அண்ணன் வெளியே வந்தார். ‘போய் மறுபடி எடுத்துக் குடுலே. எட்டுல வச்சு எடு. உன் லென்ஸு, அந்தக் கண்ணாடிச் செம்பைத் தூக்கிட்டுப் போய், இதுவும் அவுட்டாச்சுன்னா, செம்போட அப்படியே வீட்டுக்குப் போயிரு. இங்க வராத.’

எல்லாரும் அவரவர் கவலையைச் சொல்லிவிட்டார்கள். லென்ஸ் மேல் பழி விழுந்திருக்கிறதே, அதைப் பற்றி யாருக்காவது கவலை இருந்ததா? எட்டில் வைத்து எடுத்துக் கொடுத்தால் என்ன அர்த்தம்? ஆமாம், தப்பு லென்ஸ் மேல்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. லென்ஸ் மேல் விழுந்த பழியை லென்ஸால்தான் துடைக்கணும் என்று முடிவு பண்ணினேன்.

மறுநாள் காலையில் மில்லுக்குப் போனேன். மில் ஓடுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அண்ணாச்சி புருவமெல்லாம் மாவு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

‘யாரு?’

‘போட்டோ எடுத்த பையன் அண்ணாச்சி.’

‘என்னது?’

‘போட்டோ!’

‘ஓ! உருண்டை புடிக்கிற தம்பியா? வாரும். உம்ம முதுகை வீடியோவுல பாத்தேன், முகத்த இப்பத்தான் பாக்கேன்.’

மருமகள் ஊருக்குப் போவதையும், மறுபடி ஒரு தடவை பட்டம் கட்டுகிற மாதிரி நின்றால் போதும் என்பதையும் சொன்னேன். மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. அவர் ரொம்ப நேரம் மாவைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

‘மருமவளுக்காக நிக்கேன். இங்கதான் நிப்பேன், அங்க வரமாட்டேன். தட்டைப் புடிக்க அந்தம்மா வந்துதான் ஆவணும்னா வரட்டும். ஆனா நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.’

பேசாமல் இருந்தால் எனக்கு ரொம்ப நல்லது என்று சொன்னேன். வாய் அசைந்தால் போகஸ் போய்விடும் சார்.

அந்த வெள்ளிக்கிழமை. சொர்ணா கூறைப்புடவையும் பட்டமுமாக வந்தாள். பகவதி அக்கா அதே கல்யாணச் சேலை, அதே தட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் மெதுவாக, ‘தம்பி, நான் பேசமாட்டேன், என்னயப் பேசச் சொல்லாதிங்க’ என்றார்கள். நான் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ரெண்டு பேரும் பேசாத ஆட்கள். இப்படி ஒரு வாய்ப்பு எந்தப் போட்டோக்காரனுக்குக் கிடைக்கும்?

மில்லை நிறுத்தச் சொன்னேன். தரை அதிர்ந்தால் கை அதிரும். பகலில் அந்த மில் நின்று யாரும் பார்த்ததில்லையாம். நின்றதும் திடீரென்று காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. வெளியே அரிசி டப்பாவோடு வரிசையில் நின்ற பொம்பளைகளெல்லாம் என்னவோ ஏதோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது கவனிங்க, இங்கேதான் வேலை இருக்கிறது. அன்று மேடையில் என்ன தப்பு நடந்தது? அண்ணாச்சி பின்னால் நின்றார். பின்னால் நிற்கிற ஆள் இந்த லென்ஸுக்குக் கிடையாது. அப்படியென்றால் மூன்று முகமும் ஒரே கோட்டில் வரணும். நடுவில் சொர்ணா, வலது பக்கம் அண்ணாச்சி, இடது பக்கம் அக்கா. அண்ணாச்சி கையை மட்டும் பின்னால் கொண்டுபோய் முடிச்சைப் பிடிக்கணும். ஒரு விரல் முன்னே பின்னே போனாலும் போச்சு. இதை வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? சாக்கு தைக்கிற நூல் உருண்டை ஒன்று அங்கே கிடந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு முனை, எதிர்த்தூணில் ஒரு முனை, இழுத்துக் கட்டினேன். ‘மூணு பேரும் மூக்கு நுனியை இந்த நூல்ல லேசாத் தொட்டுக்கிட்டு நில்லுங்க. படம் எடுக்கும்போது நூலை அவுத்திருவேன்’ என்றேன்.

ஜன்னலில் ஓர் அம்மா, ‘ஏ, நயினார் அண்ணாச்சிக்கு மூக்கணாங்கயிறு போடுதாவ, வாங்கடி!’ என்று கூப்பிட்டார்கள். நான் காதில் வாங்கவில்லை.

மூக்கைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். நான் ரெண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி உட்கார்ந்து வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அவசரப்படக் கூடாது சார். சொர்ணா கண் வந்தது. அக்கா கண் வந்தது. அண்ணாச்சி பின்னால் சாய்ந்துவிட்டார்.

‘அண்ணாச்சி, மூக்கு.’

‘மருமவளே, உங்கம்மாகிட்ட சொல்லு, தட்டை வச்சு என் கைய இடிக்க வேண்டாம்னு.’

‘ஏட்டி சொர்ணா, உங்க மாமாகிட்ட சொல்லு, கைய நீட்டுத ஆள்தான் பாத்து நீட்டணும்னு.’

‘பேசாதிங்க, ப்ளீஸ்’ என்றேன். நான் சொன்னதை யார் கேட்டார்கள்? பாவம் சொர்ணா, தலையை அசைக்க முடியாமல் ரெண்டு பக்கமும் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே ஒரு கால் மணி நேரம். அதற்குள் மாவுத் தூசி அவள் மூக்கில் ஏறிவிட்டது. போட்டாள் பாருங்க ஒரு தும்மல். நூல் வீணைக் கம்பி மாதிரி அதிர்ந்தது. பொட்டு நகர்ந்துவிட்டது. ‘முகம் கழுவிட்டு வாரேன்’ என்று போனாள்.

போகஸ் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்தது. அவள் வருகிறவரை விட்டுவிட முடியுமா? ‘நீங்க ரெண்டு பேரும் அசையாதிங்க. நடுவுல எடம் விட்டா எனக்கு அளவு தெரியாது. கொஞ்சம் நெருங்கி நில்லுங்க’ என்றேன். நெருங்கினார்கள். ‘இன்னும்’ என்றேன். தோளும் தோளும் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. மூக்கு ரெண்டும் நூலில். சொர்ணா வருவாள் வருவாள் என்று பார்க்கிறேன், ஆளைக் காணோம். முகம் கழுவ அரை மணி நேரம் எடுக்கிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை சார். திரும்பினால், ஜன்னலுக்கு வெளியே அரிசி டப்பா அம்மாக்களோடு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் நனையவே இல்லை! எவ்வளவு பொறுப்பில்லாத பிள்ளை பாருங்க.

இந்த நேரத்தில் அண்ணாச்சி ஆரம்பித்தார். ‘தம்பி, அந்தம்மாகிட்ட சொல்லும், தட்டு கனமா இருந்தா கீழ வைக்கலாம். எவ்வளவு நேரந்தான் புடிக்கும்.’

அக்கா என்னிடம் சொல்லவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். ‘உனக்கு எப்பண்ணே இவ்வளவு முடி கொட்டிச்சு?’

அண்ணாச்சி தலையைத் தடவக் கையைத் தூக்கிவிட்டு, நூல் ஞாபகம் வந்து இறக்கினார். நான் அந்த இடைவெளியில் எடுத்திருக்கணும். வளையம் வழுக்கிவிட்டது.

‘மூணு வருஷம் ஆச்சு’ என்றார் அண்ணாச்சி.

‘ஒருத்தரும் சொல்லலியே.’

‘இதுக்குப் போயி பத்திரிகை அடிக்க முடியுமா?’

‘அண்ணாச்சி, நாடி கொஞ்சம் உள்ள’ என்று என் தாடையைத் தொட்டுக் காட்டினேன்.

‘பத்திரிகைக்கு நான் எழுதிக் குடுத்த தாள்ல உன் பேருதாண்ணே மேல இருந்திச்சு. என் கையால எழுதுனேன்.’

‘தெரியும்.’

‘தெரியுமா? யாரு சொன்னா?’

‘அச்சகத்துக்காரன் அந்த வருசமே சொல்லிட்டான்.’

‘தெரிஞ்சுமா வரல?’

‘நீ வந்து கூப்பிடுவன்னு பாத்தேன்.’

‘நீ தெரிஞ்சுக்கிட்டு வருவன்னு நான் பாத்தேன்.’

‘அக்கா, கண்ணைத் தொடைக்காதிங்க, கை குறுக்க வருது’ என்றேன். சொல்லச் சொல்ல அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள் சார். வெல்லம் போட்ட அரிசிமாவு இப்போதும் சாப்பிடுவாயா, சர்க்கரை வந்துவிட்டதா, அம்மா இருந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒன்று விடவில்லை. இதெல்லாம் படம் எடுத்த பிறகு பேசக் கூடாதா? பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்குப் பத்து நிமிஷம் பேசாமல் இருக்க முடியாதா?

சரி, எப்படியோ கடைசியாக ரெண்டு பேருக்கும் கண் ஒரே கோட்டில் வந்தது. அண்ணாச்சி இமை தெளிவு, அக்கா இமை தெளிவு. அப்படி ஒரு போகஸ் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். நூலை அவிழ்க்கக் கை நீட்டினேன்.

அந்த நேரத்தில் அக்கா சொல்கிறார்கள், ‘ஆல்பத்துல உன்னய நான் சீரியல் லைட்டுன்னு நெனச்சுட்டேண்ணே.’

அண்ணாச்சி சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். தோள் குலுங்கி அக்காவும் குலுங்கி, தட்டு கீழே விழுந்து டணங்கென்றது. பிறகு ரெண்டு பேரும் ஒரேயடியாக முன்னால் சாய்ந்தார்கள், நூல் பட்டென்று அறுந்தது. என் விரல் பதறி அழுத்திவிட்டது. அந்தப் படம்தான் சார் நீங்க பார்த்தது.

அதில் என்ன இருக்கிறது சொல்லுங்க? ரெண்டு பெரிய மூட்டம். ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்திருக்கிறது. வாய் எது, கண் எது என்று தெரியாது. சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்றும் தெரியாது. எனக்கும் தெரியாது, நேரில் பார்த்தவன் நான். மொத்தப் படத்திலும் தெளிவாக இருப்பது ஒன்றே ஒன்று. காற்றில் நிற்கிற அறுந்த நூலின் நுனி. பிரி பிரியாக எண்ணலாம். இவ்வளவு நல்ல லென்ஸை வைத்துக்கொண்டு சாக்கு தைக்கிற நூலை எடுத்திருக்கிறேன்.

‘இன்னொண்ணு எடுத்துரலாம், வேற நூல் கட்டுதேன்’ என்றேன். யாரும் கேட்கவில்லை. ‘போதும் தம்பி, சாப்பிட வாரும்’ என்றார் அண்ணாச்சி. சொர்ணாவை உட்காரவைத்து, பக்கத்தில் அக்காவை உட்காரவைத்து, அவரே பரிமாறினார். எனக்கும் இலை போட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேமராவில் அந்த நூல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துத் தாயும் மகளும் கிளம்பினார்கள். தெருமுனை வரைக்கும் அண்ணாச்சி கூடவே போனார். முனையில் நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை, அவர்கள் தெருவுக்குள்ளும் போய்விட்டார். மில் வாசலில் அரிசி டப்பாக்களும் நானும்தான்.

மறுநாள், போகஸ் பார்க்க நூலோடு எடுத்த சோதனைப் படங்களையும் சேர்த்து நாற்பத்தாறு படத்தையும் காட்டினேன். அதில் ஏழெட்டு சுமாராகத் தேறும். அண்ணாச்சி ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து இந்த மூட்டத்தில் நிறுத்தி, ‘இதைப் பெருசாப் போடும்’ என்றார். ‘அண்ணாச்சி, இதுல உங்க முகமே இல்லையே. இதுக்குத்தான அன்னைக்கு ஆல்பத்தையே திருப்பி அனுப்பினீங்க?’ என்று கேட்டேன். ‘முகம் இல்லாட்டி என்ன, பேரு போட்டுருவோம்’ என்றார். படத்துக்குக் கீழே பார்த்தீங்க இல்லையா? ‘தாய்மாமன் ஆ. நயினார்.’ ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் உயரம். எழுத்தின் அளவை பகவதி அக்காதான் ஸ்கேல் வைத்துச் சொன்னார்கள்.

சேவியர் அண்ணனிடம் படத்தைக் காட்டும்போது செம்பை எடுத்துப் பையில் போட்டுத் தயாராகத்தான் நின்றேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ‘செம்பு இருக்கட்டும்லே’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் அறுபதாகப் போகிறது, கண்ணில் என்னவோ கோளாறு. பரிசோதிக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்.

இதுதான் சார் கதை. அதனால் அதே மாதிரி வேணும் என்று கேட்காதீங்க. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், எட்டில் வைத்து எடுத்துத் தருகிறேன். ஆமாம், நானேதான் சொல்கிறேன். ரெண்டு நிமிஷ வேலை, முகமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். எத்தனை பேர்? ரெண்டு பேர் மட்டுமா? சரி, இன்னும் சுலபம். யாரு யாரு?

நீங்களும் உங்க அண்ணனுமா.

அப்படியா. எத்தனை வருஷமாகப் பேச்சில்லை? நாலு வருஷமா? ஒரே காம்பவுண்டிலா? அடப்பாவமே. சுவர் தகராறா? சரி சார், அது உங்க குடும்ப விஷயம், நான் கேட்கவில்லை. அதுக்கும் இந்த லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்? கோபமாக இருக்கிறவர்களைச் சட்டென்று எடுத்து அனுப்பிவிடுவதுதானே நல்லது? எட்டில் வைத்தால் சட்டென்று முடிந்துவிடும்.

வேண்டாமா? இந்த லென்ஸ்தான் வேணுமா? நேரமாகும் சார், முன்னமே சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லையா? சரி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று குறித்துக்கொள்கிறேன்.

என்னது? நூலா? நூல் எதுக்கு சார், நான் இப்போது தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அது இன்னும் வசதி. நூல்தான் வேணுமா? நீங்களே கொண்டு வருகிறீங்களா? சரி, கொண்டு வாங்க. கொஞ்சம் கெட்டியான நூலாகப் பார்த்து வாங்குங்க, சாக்கு நூல் வேண்டாம், அறுந்துவிடும்.

பார்த்து இறங்குங்க, மூணாவது படி உடைந்திருக்கிறது. சார்! உங்க அண்ணனிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்க. நிற்கும்போது ரெண்டு பேரும் பேசக் கூடாது. சார், கேட்கிறதா? பேசினால் படம் தேறாது! சார்...

திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். ஒரு உம்மாவது கொட்டிவிட்டுப் போகக் கூடாதா?